மைக்ராஸ்கோப்பில் கண்ட உருண்டைகள்: கேள்வி பதில்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்து லயத்தில் வளர்ந்தவன். ஆஸ்பத்திரி லேப்பில் 31 வருடம் ரத்தமும் மஜ்ஜையும் பார்த்து ஓய்வு பெற்றேன். டாக்டர் இல்லை. கேளுங்கள்.

அப்பாவின் மஜ்ஜை ரிப்போர்ட்டில் 'ரசல் பாடி' என்று இருக்கிறது. புற்றுநோயா, ஐயா?

அந்தச் சொல்லை வைத்து மட்டும் அப்படிச் சொல்ல முடியாது, தம்பி. பிளாஸ்மா செல்தான் ஆன்டிபாடி, அதாவது கிருமியை எதிர்க்கும் புரதம், செய்யும் உயிரணு. விநாடிக்கு ஆயிரக்கணக்கில் செய்து வெளியே தள்ளும். சரியாக மடியாத சரக்கு வெளியே போகாமல் உள்ளேயே தேங்கி உருண்டு நிற்கும். அதுதான் ரசல் பாடி. லோரி வராத நாளில் செம்பனைக் குலை ரோட்டோரம் குவிந்து கிடக்குமே, அப்படி. சாயம் ஏற்றிப் பார்த்தால் கண்ணாடி மணி மாதிரி மினுங்கும். செல் முழுக்க மணிகளாக இருந்தால் அதற்கு மோட் செல் என்று பெயர்.

1890இல் இவற்றைப் பார்த்த எடின்பரோ வில்லியம் ரசல், புற்றுநோயை உண்டாக்கும் கிருமி என்றே நினைத்துவிட்டார். நாள்பட்ட அழற்சியிலும் இவை வரும், பிளாஸ்மா செல் புற்றுநோயான மைலோமாவிலும் வரும். அதனால் மஜ்ஜையில் பிளாஸ்மா செல் எத்தனை சதவீதம், ரத்தப் புரதங்களைப் பிரித்துப் பார்க்கும் எலக்ட்ரோபோரேசிஸ் டெஸ்ட் எப்படி என்று டாக்டரிடம் கேளுங்கள். 10 சதவீதமும் அதற்கு மேலும் என்றால் பேச்சே வேறு.

அம்மாவுக்கு 64 வயது. ஆறு மாதமாக முதுகுவலி, ரத்தமும் குறைவு. ஜாமு (மூலிகை மருந்து) கொடுக்கலாமா?

வேண்டாம். கால்சியம், கிட்னி, எலக்ட்ரோபோரேசிஸ் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். கடையில் வலி மாத்திரையும் வாங்காதீர்கள். மைலோமாவில் ஆன்டிபாடியின் சிறு துண்டுகள் கிட்னிக் குழாயை அடைக்கும். அதன்மேல் டிக்ளோபெனாக் மாதிரி வலி மாத்திரையும் சேர்ந்தால் கிட்னி தாங்காது.

டெங்கிக்குப் பப்பாளி இலைச்சாறு...

என் துறை இல்லை. இன்றே கிளினிக் போங்கள்.

எங்கள் தோட்டத்து டிரெசர் (ஆஸ்பத்திரி உதவியாளர்) மூத்திரத்தைக் கொதிக்க வைத்தே உப்பு, அதாவது புரதம், இருக்கிறதா என்று சொல்லிவிடுவார். இப்போதைய ஸ்ட்ரிப் அதற்கு ஈடாகாது!

மைலோமாவில் இரண்டுமே ஏமாற்றும், அண்ணே. ஸ்ட்ரிப் முக்கியமாக ஆல்புமின் என்ற புரதத்தைத்தான் பிடிக்கும். 1845இல் லண்டன் வியாபாரி ஒருவரின் மூத்திரம் ஹென்றி பென்ஸ் ஜோன்ஸ் கைக்கு வந்தது. அதிலிருந்த புரதம் சூடேறும்போது கலங்கி, கொதிக்கும்போது கரைந்து, ஆறினால் திரும்பவும் கலங்கும். முட்டை வெள்ளை ஒரு தடவை வெந்தால் வெந்ததுதானே? இது அப்படியில்லை. கொதித்தபின் தெளிவைப் பார்த்து 'உப்பு இல்லை' என்றால் போச்சு. அது ஆன்டிபாடியின் சிறு சங்கிலிதான் (லைட் செயின்) என்று 1962இல்தான் தெளிவானது.

டிரெசரைக் குறை சொல்கிறீர்களா?

இல்லவே இல்லை. மர இடுக்கியில் டெஸ்ட் டியூபைப் பிடித்து, ஸ்பிரிட் விளக்கில் மேல்பாதியை மட்டும் காட்டுவார். கீழ்ப்பாதி தெளிவாக இருக்கும், ஒப்பிட. அப்புறம் இரண்டு சொட்டு அமிலம். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்திருக்கிறேன். அவர் தேடியது ஆல்புமின். அதைச் சரியாகத்தான் பிடித்தார்.

அப்படியானால் வீட்டிலேயே கொதிக்க வைத்துப் பார்க்கலாமா?

ஐயோ! வேண்டாம். ரத்தத்தில் லைட் செயின் அளக்கும் டெஸ்ட் இருக்கிறது.

அமிலாய்டு என்ற புரதப் படிவு நோயும் இதுதானா?

உறவுதான். அங்கே அந்தத் துண்டுகள் செல்லுக்கு வெளியே, இதயம், கிட்னி, நாக்கில் நாராகப் படியும். கொங்கோ சிவப்புச் சாயம் ஏற்றி, முனைவாக்கிய ஒளியில் பார்த்தால் பச்சையாக ஒளிரும்.

மருந்து?

போர்டெசோமிப், 2003 முதல். செல்லின் குப்பை லோரியை நிறுத்திவிடும். மைலோமா செல் தன் குப்பையிலேயே மூச்சு முட்டிச் சாகும்.

முட்டி வலிக்கு மாத்திரை...

மேலே படியுங்கள்.

அந்த டிரெசர் என் அப்பா. இடுக்கி இன்னும் வீட்டில் இருக்கிறது.

அடடா, முதலிலேயே சொல்லியிருக்கலாமே, அண்ணே! ஒரு படம் எடுத்துப் போடுங்கள்.