கால் தளர்ந்தவருக்குக் கழுத்தில் ஏன் ஸ்கேன்?

கேள்வி: என் கொழுந்தனாருக்கு வயது 38. வயிற்றுப்போக்கு வந்து நின்ற பத்தாம் நாள் பாதங்கள் மரத்துப்போய், இரண்டே நாளில் படியேற முடியாதபடி கால்கள் தளர்ந்துவிட்டன. கில்லன் பாரே நோயாக இருக்கலாம் என்ற மருத்துவர், கழுத்திலும் கைகளிலும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுத்து, நரம்பு வேர்கள் சற்று வீங்கியிருப்பதாக எழுதியிருக்கிறார். கால் தளர்ச்சிக்குக் கழுத்தில் ஸ்கேன் எதற்கு? முதுகில் எடுத்த நீரும், நரம்பில் மின்சாரம் செலுத்திச் செய்த சோதனையும் ஏறக்குறைய இயல்பாகவே இருந்தனவாம். எதை நம்புவது?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். மூன்று சோதனைகளுக்குள்ளும் முரண் ஏதும் இல்லை. கில்லன் பாரே என்பது உடலின் எதிர்ப்பாற்றலே தன் நரம்புகளைத் தாக்கும் நோய். தண்டுவட நீரில் அணுக்கள் கூடாமல் புரதம் மட்டும் கூடியிருப்பதை 1916 ஆம் ஆண்டில் கில்லன், பாரே, ஸ்ட்ரோல் ஆகிய பிரெஞ்சு மருத்துவர்கள் இரண்டு படைவீரர்களிடம் கண்டு எழுதினார்கள். இன்றும் அதுவே இந்நோயின் முக்கிய அடையாளம் என்றாலும், முதல் வாரத்தில் பலருக்கு அந்தப் புரதம் கூடியிருப்பதில்லை. மின்சோதனையும் அப்படித்தான். அது கை கால்களின் கீழ்ப்பகுதி நரம்புகளையே பெரும்பாலும் அளக்கிறது. நோயோ பல நேரங்களில் தண்டுவடத்திலிருந்து நரம்பு புறப்படும் வேரிலேயே முதலில் பற்றுகிறது.

கழுத்தில் ஸ்கேன் எடுத்த காரணமும் இதில்தான் இருக்கிறது. கால்களுக்குச் செல்லும் நரம்பு வேர்கள் இடுப்பில் எலும்புக்கும் தசைக்கும் அடியில் ஆழமாகக் கிடக்கின்றன. நரம்பை நுணுக்கமாகக் காட்டும் உயர் அதிர்வெண் ஒலி, அதாவது 15 மெகாஹெர்ட்ஸும் அதற்கு மேலும், சில சென்டிமீட்டர் ஆழத்துக்குள்ளேயே வலுவிழந்துவிடும். கழுத்தில் ஐந்தாம், ஆறாம் வேர்கள் தோலுக்கு அருகிலேயே இருப்பதால் தெளிவாகத் தெரிகின்றன. தளர்ச்சி கால்களில் முதலில் தெரிந்தாலும் நோய் கால்களோடு நிற்பதன்று என்பதால், கழுத்து வேரின் வீக்கமும் அதே நோயின் தடயமாகவே கொள்ளப்படுகிறது.

குறுக்காகப் பார்த்தால் நரம்பு தேன்கூடு போலத் தோன்றும். அதன் பரப்பைச் சதுர மில்லிமீட்டரில் அளந்து, இயல்பான அளவுடன் ஒப்பிடுவார்கள். கதிர்வீச்சு இல்லை, ஊசி இல்லை. அவசர சிகிச்சைப் பிரிவில் படுக்கையருகிலேயே செய்துவிடலாம். ஆனால் ஸ்கேன் நரம்பின் வடிவத்தைக் காட்டுமேயன்றி, அது எவ்வளவு வேலை செய்கிறது என்பதைக் காட்டாது. எனவே "சற்று வீக்கம்" என்பதைக் கொண்டு நோயின் கடுமையைக் கணிக்க வேண்டாம். வீக்கமே தென்படாவிட்டாலும் நோய் இல்லை என்று சொல்லிவிட முடியாது. செய்பவரின் கைப்பழக்கத்தைப் பொறுத்து அளவு மாறும் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. மாதக்கணக்கில் நீடிக்கும் இதன் உறவுநோயில் நரம்புகள் பல இடங்களில் மிகவும் தடித்துக் காணப்படுவதுண்டு. அதைப் பிரித்தறியவும் இந்த ஸ்கேன் ஓரளவு உதவும்.

வயிற்றுப்போக்கைத் தாங்கள் குறிப்பிட்டது நல்லது. கேம்பைலோபாக்டர் என்ற பாக்டீரியாவுக்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருள்கள் சிலருக்குத் தம் நரம்பையே தாக்குகின்றன. 2025 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் புனேயில் பலருக்கு இந்நோய் வந்தபோதும் இந்தப் பாக்டீரியா பேசப்பட்டது.

என் கருத்தில், நோய்க்குறிகள் தெளிவாக இருக்கையில் எந்தச் சோதனை முடிவுக்காகவும் சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது. நாளொன்றுக்கு, எடையில் கிலோவுக்கு 0.4 கிராம் வீதம் 5 நாள் இம்யூனோகுளோபுலின் (கொடையாளர் இரத்தத்திலிருந்து எடுக்கும் எதிர்ப்பொருள் மருந்து), அல்லது இரத்தத்தின் நீர்ப்பகுதியை அகற்றி மாற்றும் பிளாஸ்மா மாற்றுச் சிகிச்சை, முதல் இரண்டு வாரத்துக்குள் தொடங்கினால் நல்ல பலன் தரும். ஸ்டீராய்டு மட்டும் கொடுப்பது இதற்கு உதவுவதில்லை.

ஸ்கேன் அறிக்கையைவிட அவருடைய மூச்சைக் கவனியுங்கள். ஏறக்குறைய நான்கில் ஒருவருக்குச் செயற்கைச் சுவாசம் தேவைப்படலாம் என்பதால், மூச்சின் கொள்ளளவை நாளுக்குப் பலமுறை அளக்கிறார்களா என்று கேளுங்கள். விழுங்கச் சிரமப்பட்டாலோ, ஒரே மூச்சில் எண்ணச் சொன்னால் நேற்றைவிடக் குறைவாக எண்ணினாலோ, மருத்துவரின் அடுத்த சுற்றுக்குக் காத்திராமல் உடனே செவிலியரிடம் தெரிவியுங்கள்.