கேடயத்தோடு நிற்கும் இருவர் யார்?

வணக்கம். தாத்தாவின் பெட்டியில் கிடைத்த வெள்ளிக்காசின் பின்புறத்தில் நிற்கும் இருவரும் இரட்டைத் தெய்வங்களா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை. அவர்கள் ரோமப் பேரரசர் அகஸ்டஸின் பேரப்பிள்ளைகள், கையஸும் லூசியஸும். மகள் ஜூலியாவின் பிள்ளைகளான இருவரையும் கி.மு. 17இல் அகஸ்டஸ் தன் மகன்களாகவே தத்தெடுத்துக்கொண்டார்.

படத்தை உற்றுப் பாருங்கள். இருவருக்கும் நடுவே தரையில் ஊன்றிய இரண்டு கேடயங்கள், பின்னால் ஈட்டிகள், மேலே பூசைக்கரண்டியும் வளைந்த கோலும். இன்றைய பிரான்சின் லியோன் நகரில், கி.மு. 2 முதல் அச்சான டினாரியஸ் என்ற ரோம வெள்ளிக்காசு வகை இது. அடுத்த வாரிசுகள் இவர்கள்தான் என்று அகஸ்டஸ் உலகுக்கு அறிவித்த காசு. ஆனால் லூசியஸ் கி.பி. 2இலும் கையஸ் கி.பி. 4இலும் இறந்துபோனார்கள். இதைக் கையில் எடுக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்துவிடும்.

இந்தியப் புதையல்களில் இவ்வகை நிறையக் கிடைத்திருக்கிறது. அக்காலத்திலேயே இங்கு இதைப் பார்த்துப் போலிகளும் செய்தார்கள்.

உங்கள் காசில் எனக்கு உறுத்துவது, முன்புறத்தில் உள்ள அகஸ்டஸ் தலையின் காதோரம் தெரியும் செம்பு நிறமும் நீங்கள் சொன்ன 2.9 கிராம் எடையும்தான். நல்ல வெள்ளியானால் 3.7 கிராமை ஒட்டி இருக்கும். செம்பின் மேல் வெள்ளி போர்த்திய பழங்காலப் போலியாக இருக்கலாம். அதுவும் வரலாறுதான், தூக்கிப்போட்டுவிடாதீர்கள்.

புளி போட்டு மட்டும் தேய்க்கவே கூடாது! மெல்லிய வெள்ளித்தோல் உரிந்துவிடும். விளிம்பின் படம் ஒன்று போடுங்கள், அச்சில் ஊற்றி வார்த்ததைக் காட்டும் வார்ப்புக் கோடு இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.