அறிவியல் புனைகதை, மிகுபுனைவு: யாரும் பேசாத புத்தகங்கள் பற்றிக் கேள்வி பதில்

தெம்பனிஸ் வாசகர்: அக்கா, அதிகம் பேசப்படாத ஒரு புத்தகம் சொல்லுங்கள்.

ரொக்கையா சகாவத் ஹுசைனின் 'சுல்தானாவின் கனவு'. வங்கத்துப் பெண் ஆங்கிலத்தில் எழுதிய கதை. கமலா சத்தியநாதன் சென்னையிலிருந்து நடத்திய பெண்கள் பத்திரிகையில் 1905இல் வந்தது. நம் சென்னையில் அச்சேறிய கதை நம்மில் பலருக்குத் தெரியவில்லையே என்று எனக்கு மனசு ஆறவே மாட்டேன் என்கிறது. கதையில் வரும் நாட்டில் ஆண்கள் வீட்டுக்குள், பெண்கள் வெளியே. ஒரு பல்கலைக்கழகத்துப் பெண்கள் குழாய் பொருத்திய பலூனை மேகத்துக்கு மேல் மிதக்கவிட்டுத் தண்ணீர் இழுக்கிறார்கள். இன்னொன்றில் வெயிலின் சூட்டைச் சேர்த்து வைக்கிறார்கள். எதிரி வந்ததும் அந்தச் சூட்டையே அவன்மேல் திருப்புகிறார்கள். ஒரே மூச்சில் படித்துவிடலாம். முன்னுரையை மட்டும் கடைசியில் படியுங்கள், கதையையே சொல்லிவிடுவார்கள்.

ஈசூன் வாசகி: சுஜாதாவைத் தவிர தமிழில்?

ஜெயமோகனின் 'விசும்பு' சிறுகதைகள். நம் மருத்துவமும் தத்துவமும் அறிவியலோடு உரசும் இடங்களில் நடப்பவை. இதிலும் முன்னுரை கடைசியில்தான்.

பிடோக் வாசகர்: நம் சிங்கப்பூர்க்காரர்கள்?

இங் யி-ஷெங்கின் 'லயன் சிட்டி', 2018. ஆங்கிலச் சிறுகதைகள். 2020இல் சிங்கப்பூர் இலக்கியப் பரிசு பெற்றும் தமிழ் வாசகர்கள் யாரும் பேசிக் கேட்டதில்லை.

ஜூரோங் வாசகர்: 'சுல்தானாவின் கனவு' பெண்ணுரிமைப் பிரசாரம்தானே அக்கா? அறிவியல் எங்கே?

சமையலறையில் இருக்கிறது தம்பி. சுல்தானா உள்ளே போகிறாள். புகை இல்லை, புகைபோக்கியும் இல்லை, சமையல் வெயில் சூட்டில் நடக்கிறது. ஒரு கருவி வந்தால் அடுப்படி எப்படி மாறும், அடுப்படி மாறினால் ஊர் எப்படி மாறும் என்று ரொக்கையா யோசித்திருக்கிறார். அதுதான் அறிவியல் புனைகதை.

உட்லண்ட்ஸ் வாசகர்: அப்படியானால் புஷ்பக விமானமும் அதுதானே?

இல்லை. அது நினைத்த இடத்துக்குப் போகும், எப்படி என்று கதை கேட்பதில்லை. அருமையான மிகுபுனைவு, அந்தப் பெருமையே அதற்குப் போதும். வங்கத்திலேயே 'சுல்தானாவின் கனவு'க்கு முன்னால் வந்த அறிவியல் புனைகதை ஒன்று வேண்டுமா? விஞ்ஞானி ஜகதீஷ் சந்திர போஸ் 1896இல் எழுதிய கதையைத் தேடுங்கள். கல்கத்தாவை நோக்கி வந்த புயல் காணாமல் போகிறது. கப்பலில் இலங்கைக்குப் போன ஒருவர் ஒரு சீசா கூந்தல் எண்ணெயைக் கடலில் ஊற்றியிருக்கிறார், அதுதான் காரணம்! எண்ணெய் படர்ந்தால் அலை அடங்கும் என்ற இயற்பியல்தான் கதையைத் தாங்குகிறது. விமானத்தில் அப்படி எதைக் காட்டுவீர்கள்?

பொங்கோல் வாசகி: பன்னிரண்டு வயது மகனுக்கு?

சிறுவர் நூல்கள் என் துறை இல்லை அம்மா. நூலகத்தில் சிறுவர் பகுதி ஊழியரைக் கேளுங்கள்.

செங்காங் வாசகர்: எதில் தொடங்குவது?

முதல் பதிலைப் பாருங்கள்.

ஜூரோங் வாசகர்: நான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

சரி, அந்தச் சமையலறைப் பக்கத்தை முதலில் படித்துவிட்டு வாருங்கள், பேசுவோம்.