ஆச்சி பதில்கள்: மெஷினா, மாதச் செலவா?

(காரைக்குடியில், வசதியில்லாத சிறுநீரக நோயாளிகளுக்குக் குறைந்த கட்டணத்தில் டயாலிசிஸ் (ரத்தச் சுத்திகரிப்பு) செய்யும் அறக்கட்டளை ஒன்றின் வரவு செலவைப் பார்த்துக்கொள்ளும் ஆச்சி, வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: அப்பச்சிக்கு (எங்கள் அப்பாவுக்கு) தை மாதம் வயது நிறைவுச் சாந்தி விழா. விருந்துச் செலவைக் குறைத்துக்கொண்டு, நம் பக்கத்து டயாலிசிஸ் மையம் ஒன்றுக்கு மெஷின் வாங்கிக் கொடுக்கலாம் என்கிறார் அண்ணன். அப்பச்சி பெயரைப் பொறிப்பார்கள்தானே? சிங்கப்பூரில் இருக்கும் என் மகனும் பங்கு போடுகிறேன் என்கிறான்.
— வாசகி, பள்ளத்தூர்

பதில்: பெயர் தாராளமாகப் பொறிப்பார்கள், ஆத்தா. கோயில் மின்விசிறி இறக்கையில்கூட உபயதாரர் பெயர் சுற்றுகிற சீமை இது. ஆனால் மெஷின் வாங்கும் முன் அந்த மையத்துக்கு ஒரு நடை போய், உள்ளே எத்தனை மெஷின் சும்மா நிற்கிறது என்று பார்த்துவிட்டு வாருங்கள். உறை போட்டு மூடி, மேலே பெயர்ப்பலகை மட்டும் பளபளவென்று இருக்கும். கொடுத்தவர்கள் மனசாரத்தான் கொடுத்தார்கள். ஓட்டுவதற்குத்தான் யாரும் கொடுக்கவில்லை.

ஒருவருக்கு ஒரு தடவை டயாலிசிஸ் என்றால் நாலு மணி நேரம். அந்த நேரம் முழுக்க நிமிடத்துக்கு அரை லிட்டர் கணக்கில் மருந்து கலந்த தண்ணீர் ஓடும். மொத்தம் 120 லிட்டர். அந்தத் தண்ணீர், மெல்லிய சவ்வுக்கு மறுபக்கம் ஓடும் ரத்தத்தோடு ஒட்டி உறவாடுகிறது. ஆகவே போர் தண்ணீரையோ நகராட்சிக் குழாய்த் தண்ணீரையோ அப்படியே விட முடியாது. ஆர்.ஓ. பிளான்ட் வேண்டும். அது சுத்தம் செய்கிறபோது கழித்துத் தள்ளுகிற தண்ணீர் தனி. அப்புறம் அந்த பிளான்டின் சவ்வு மாற்ற வேண்டும், தண்ணீரைப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். கரண்ட் போனால் உடனே பிடித்துக்கொள்ள ஜெனரேட்டர் வேண்டும். ஒவ்வொரு தடவைக்கும் டயலைசர் (ரத்தத்தை வடிகட்டும் சவ்வு உள்ள குழல்), ரத்தம் போய் வரும் குழாய்கள், இரண்டு ஊசி, ரத்தம் உறையாமல் இருக்க ஹெப்பாரின், தண்ணீரில் கலக்க ஆசிட் கேன், பைகார்பனேட். எல்லாவற்றுக்கும் மேலே, ராத்திரி ஷிப்டுக்கும் முகம் சுளிக்காமல் வருகிற டெக்னீசியன். நல்ல டெக்னீசியனுக்கு மதுரையிலும் திருச்சியிலும் இரண்டு மடங்கு சம்பளம் தரக் காத்திருக்கிறார்கள். அவரை நம் ஊரில் பிடித்து வைப்பதுதான் எனக்குப் பெரிய பாடு.

மெஷின் ஒருநாள் செலவு. மற்றதெல்லாம் மாதாமாதச் செலவு. நம் பெரியவர்கள் மகமை என்று வைத்தார்களே, வியாபாரத்தில் வருகிறதில் ஒரு பங்கைத் தொடர்ந்து எடுத்து வைப்பது, அந்த மாதிரிக் கொடுங்கள் என்றுதான் சொல்வேன். வாரம் மூன்று தடவை என்றால் ஒருவருக்கு வருஷத்துக்கு 156 தடவை. காசில்லாமல் இரண்டு தடவையோடு நிறுத்திக்கொள்கிறவர்கள்தான் நம் பக்கம் அதிகம். அப்படிப்பட்ட ஒருவருடைய அந்த மூன்றாவது தடவையை ஒரு வருஷத்துக்கு ஏற்றுக்கொள்ளுங்கள். மையத்தில் ஒரு தடவைக்கு என்ன அடக்கம் என்று கேளுங்கள். ரூபாய்க் கணக்காகச் சொல்ல முடியாமல் மழுப்பினால் வேறு மையம் பாருங்கள்.

இன்னும் இரண்டு கேள்வி கேளுங்கள். ரத்தம் வழியாகப் பரவும் ஹெபடைடிஸ் பி உள்ளவர்களுக்குத் தனி மெஷின் ஒதுக்கியிருக்கிறார்களா? டயலைசரைக் கழுவி மறுபடி பயன்படுத்தினால், ஒவ்வொன்றிலும் நோயாளியின் பெயர் எழுதி, அவருக்கு மட்டும்தான் போடுகிறார்களா? இந்த இரண்டுக்கும் பதில் சொல்ல யோசிக்கிற இடத்தில் அப்பச்சி பெயர் வேண்டாம்.

பஸ் காசையும் மறக்காதீர்கள். டயாலிசிஸ் இலவசம் என்று சொல்லியும் வராமல் நின்றவர்களை எனக்குத் தெரியும். திருப்பத்தூருக்கு அந்தப் பக்கத்துக் கிராமத்திலிருந்து நோயாளியும், கூட ஒருவரும் வாரம் மூன்று நாள் வந்து போக வேண்டும். கூட வருகிறவருக்கு அன்றைக்குக் கூலி போச்சு. இதற்கு எந்த இன்சூரன்ஸும் கிடையாது. ஆனால் பஸ் காசுக்கு நன்கொடை கேட்டால் எல்லோர் முகமும் சுருங்கிவிடும். பஸ் டிக்கெட்டில் பெயர் பொறிக்க முடியாதல்லவா!

உங்கள் மகன் விஷயம். இன்னும் இந்திய பாஸ்போர்ட்தான் என்றால் சிக்கல் இல்லை, தன் சேமிப்பிலிருந்து அனுப்பலாம். சிங்கப்பூர் குடியுரிமை வாங்கிவிட்டார் என்றால் அது வெளிநாட்டுப் பணம். வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி (எஃப்.சி.ஆர்.ஏ.) பதிவோ முன்அனுமதியோ உள்ள அறக்கட்டளை மட்டுமே வாங்கலாம். அதுவும் டெல்லியில் உள்ள ஸ்டேட் பாங்க் பிரதானக் கிளைக் கணக்கு வழியாகத்தான் வர வேண்டும். "நம்ம பையன்தானே" என்று இங்கே உள்ள கணக்கில் போட்டுவிட்டால், அறக்கட்டளைதான் மாட்டிக்கொள்ளும். அண்ணனிடமும் சொல்லுங்கள்: ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் வரிச்சலுகை கிடைக்காது. காசோலையாகக் கொடுங்கள்.

கேள்வி: என் வீட்டுக்காரர் கொத்தனார். போன மாதம் இரண்டு கிட்னியும் போய்விட்டது என்று சொல்லி டயாலிசிஸ் ஆரம்பித்திருக்கிறார்கள். கழுத்தில் குழாய் போட்டிருக்கிறது. தனியார் ஆஸ்பத்திரியில் நகையெல்லாம் கரைந்துவிட்டது. எங்களைப் போன்றவர்களுக்கு என்ன வழி, ஆச்சி?
— வாசகி, திருப்பத்தூர் (சிவகங்கை மாவட்டம்)

பதில்: இனி ஒரு குண்டுமணி நகையைக்கூட வைக்காதே தாயி. முதலில் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை. குடும்ப வருமானம் வருஷத்துக்கு 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் கிடைக்கும். வருமானச் சான்று, ரேஷன் அட்டை, ஆதார் எடுத்துக்கொண்டு சிவகங்கை கலெக்டர் ஆபீஸில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போ. டயாலிசிஸ் அதில் அடக்கம். சிவகங்கை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கேள். புதுக்கோட்டைப் பக்கம் சொந்தக்காரர்கள் இருந்தால் அங்கே உள்ள மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் உண்டு. ஏழைகளுக்கு மாவட்ட மருத்துவமனைகளில் டயாலிசிஸ் தருவதற்காக மத்திய அரசுத் திட்டமும் 2016 முதல் இருக்கிறது. சென்னையில் இருக்கும்படி ஆனால் சிறுநீரக நோயாளிகளுக்கு உதவும் டேங்கர் அறக்கட்டளையைக் கேட்கலாம். 1993 முதல் இதே வேலையாக இருக்கிறவர்கள்.

இரண்டாவது, கழுத்துக் குழாய். அது தற்காலிகத்துக்குத்தான். நாள் ஆக ஆகக் கிருமி தொற்றும். காய்ச்சல், குளிர் நடுக்கம் வந்தால் ஒரு மாத்திரை போட்டுப் படுக்க வைக்காதே, அன்றைக்கே ஆஸ்பத்திரி. கையில் தமனியையும் சிரையையும் இணைக்கிற பிஸ்டுலா ஆபரேஷன் எப்போது என்று டாக்டரை இந்த வாரமே கேள். போட்ட பிறகும் அது தேறி ஊசி போடுகிற பக்குவத்துக்கு வர ஆறு, எட்டு வாரம் ஆகும். அதனால்தான் அவசரப்படுத்துகிறேன்.

வீட்டிலேயே வயிற்றுக்குள் திரவம் விட்டு எடுக்கும் முறையும் உண்டு. அதற்கான பைகளை மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். 2021-ல் வந்த திட்டம். ஆனால் வீட்டில் ஒரு மூலையாவது தூசி தும்பு இல்லாமல், கை கழுவ வசதியோடு இருக்க வேண்டும். உங்கள் வீடு அதற்கு ஒத்துவருமா என்று டாக்டரிடம் ஒளிக்காமல் பேசு.

டயாலிசிஸுக்காக ரயிலில் போனால் ஸ்லீப்பர் வகுப்பில் நோயாளிக்கும், கூடப் போகும் ஒருவருக்கும் 75 சதவீதம் சலுகை உண்டு. ஆஸ்பத்திரியில் படிவம் வாங்கிக் கவுன்டரில் கொடுக்க வேண்டும்.

கேள்வி: டயாலிசிஸ் செய்துகொள்ளும் மாமனாருக்கு நம் வீட்டுச் சாப்பாட்டில் எதைக் கொடுக்கலாம், எதைக் கூடாது?
— வாசகி, கண்டனூர்

பதில்: கூடாதவைதான் நம் வீட்டுப் பெருமையே. ஊறுகாய், மோர் மிளகாய், வற்றல், உப்புக்கண்டம், அப்பளம் எல்லாம் ஜாடியோடு பரண் ஏறட்டும். உப்பு தின்றால் தாகம், தாகத்துக்குத் தண்ணீர், தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் நுரையீரலில் கோக்கும். ஒருநாள் போகிற சிறுநீரோடு அரை லிட்டர் கூட்டி, அந்த அளவுக்குள் தண்ணீர், காபி, குழம்பு, ரசம், அரிசி களைந்த தண்ணீரில் வைக்கும் மண்டி எல்லாம் அடங்க வேண்டும்.

"உடம்புக்குக் குளிர்ச்சி" என்று பார்க்க வருகிறவர்கள் இளநீர் சீவிக் கொடுப்பார்கள். வாசலிலேயே தடுத்துவிடுங்கள். பொட்டாசியம் ஏறினால் இதயம் நின்றுபோகும். வாழைப்பழமும் அப்படியே. கீரை, கிழங்கு ஆசையாகக் கேட்டால் நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுக் கொஞ்சமாக வையுங்கள். சோடியம் குறைந்த உப்பு என்று கடையில் விற்பதை நல்லது என்று நினைத்து வாங்காதீர்கள், அதில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம்தான். முட்டை வெள்ளைக்கருவும் மீனும் டாக்டர் சொல்லும் அளவுக்குத் தரலாம். டயாலிசிஸில் புரதமும் கொஞ்சம் போய்விடும், அதனால் வெறும் கஞ்சியிலேயே ஆளை வாட்ட வேண்டாம்.

கேள்வி: இடது கையில் பிஸ்டுலா போட்டிருக்கிறார்கள். வளையல் போடலாமா?
— வாசகி, புதுவயல்

பதில்: அந்தக் கையில் வேண்டாம். வாட்ச், இறுக்கமான ரவிக்கைக் கை, தண்ணீர்க் குடம் எதுவும் வேண்டாம். அந்தக் கையில் பி.பி. பார்க்கவோ ரத்தம் எடுக்கவோ யார் வந்தாலும் கையை நீட்டாதீர்கள், நர்ஸ் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. தினம் காலையில் தொட்டுப் பாருங்கள், உள்ளே ஒரு அதிர்வு ஓடும். அது நின்றிருந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள்.

கேள்வி: வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பெரிய நன்கொடை தர வசதியில்லை, நேரம் இருக்கிறது. ஏதாவது செய்ய முடியுமா?
— வாசகர், தேவகோட்டை

பதில்: நீங்கள்தான் வேண்டும், அண்ணே. காப்பீட்டுப் படிவம் நிரப்பத் தெரியாமல், ஆதாரில் ஒரு பெயரும் ரேஷன் அட்டையில் இன்னொரு பெயருமாக அலைகிறவர்கள் ஏராளம். ஒரு எழுத்துப் பிழைக்காகக் காசு கட்டி டயாலிசிஸ் செய்கிறார்கள். உங்கள் ஊருக்குப் பக்கத்து மையத்தில் வாரம் ஒரு காலை உட்கார்ந்து, அந்தக் காகிதங்களைச் சரிபார்த்து, தேவைப்பட்டால் தாலுகா ஆபீஸ் வரை கூடப் போய் வாருங்கள். பேங்க்காரர் கூட வந்தால் அங்கே நாற்காலி போட்டு உட்கார வைத்துப் பேசுவார்கள். தனியாகப் போனால் நாளைக்கு வா என்பார்கள்.