காதிரைச்சலுக்கு மூளையில் மின்முனை

அன்புள்ள ஐயா,

என் அண்ணன் நூற்பாலையில் 30 ஆண்டுகள் ஃபிட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆறு ஆண்டுகளாக இரண்டு காதுகளிலும் சில்வண்டு கத்துவதுபோல் ஓயாத இரைச்சல். இரவெல்லாம் கூடத்தில் நடந்துகொண்டிருக்கிறார். ‘நான் போனால்தான் இது போகும்’ என்று சொல்லத் தொடங்கியிருக்கிறார். பார்த்த மருத்துவர்கள் ‘பேச்சு நன்றாகக் கேட்கிறது, பழகிக்கொள்ளுங்கள்’ என்று அனுப்பிவிட்டார்கள். மூளையில் மின்முனை பதித்து இரைச்சலை நிறுத்தும் பெல்ஜிய மருத்துவர் ஒருவரைப் பற்றிக் காணொளியில் பார்த்தோம். ஒன்றரை ஏக்கர் நிலம் இருக்கிறது. அதை விற்று அழைத்துப் போகலாமா என்று அண்ணி கேட்கிறார்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

நிலத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன், ‘நான் போனால்தான் இது போகும்’ என்ற சொல்லைப் பற்றிப் பேச வேண்டும். சலிப்பில் சொன்னது என்று அதை விட்டுவிடாதீர்கள். அண்ணனைத் தனியே உட்காரவைத்து, சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதனால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ஆம் என்றால் அவரைத் தனியே விடாமல் அன்றே மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் எண் 14416-இல் எந்நேரமும் தமிழில் பேசலாம்.

இனி நிலம். அதை விற்க வேண்டாம் என்பது என் உறுதியான எண்ணம்.

நீங்கள் பார்த்த காணொளி பெரும்பாலும் டிர்க் டி ரிட்டரைப் பற்றியதாக இருக்கும். ஆன்ட்வெர்ப்பில் நரம்பு அறுவை மருத்துவராக இருந்த அவர், பின்னர் நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்துக்குச் சென்றுவிட்டார். அவர் செய்ததற்கு வலுவான காரணம் உண்டு. தறியின், இயந்திரத்தின் ஓசையில் உட்செவியின் நுண்மயிர்ச் செல்கள் அழியும்போது, அவற்றிடமிருந்து செய்தி வந்துகொண்டிருந்த மூளைப்பகுதி சும்மா இருப்பதில்லை. வராத ஒலியைத் தேடுவதுபோல் தன் உணர்திறனைத் தானே கூட்டிக்கொள்கிறது, அந்தக் கொந்தளிப்பு ஒலியாகக் கேட்கிறது. வெட்டியெடுத்த கை வலிப்பதைப் போன்றது இது. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி. எஸ். ராமச்சந்திரன் அந்த மாயக்கையைப் பற்றி ஆராய்ந்து உலகறியச் செய்தார். காதிரைச்சலும் அதுபோன்ற மாய உணர்வே என்று பாவெல் யாஸ்ட்ரெபோஃப் 1990-இல் எழுதினார். கட்டியை அகற்றும்போது செவி நரம்பே அறுபட்டவர்களில் பலருக்கும் இரைச்சல் நிற்பதில்லை என்பது இதற்கு அழுத்தமான சான்று. ஆகவே ஒலி பிறக்கும் இடமான மூளையிலேயே மின்சாரத்தைச் செலுத்திப் பார்க்கலாம் என்று டி ரிட்டர் எண்ணியது இயல்பே.

அவர் முதலில் மண்டைக்கு வெளியே காந்தச் சுருளை வைத்துத் தூண்டிப் பார்ப்பார். அதில் இரைச்சல் சிறிது நேரம் தணிந்தவர்களுக்கு மட்டும் மண்டையோட்டைத் திறந்து, கேட்டலுக்குரிய மூளைப் புறணியின் மேல், மூளை உறைக்கு வெளியே, மின்முனைகளைப் பொருத்துவார். தோலுக்கடியில் வைத்த கருவி ஒன்று அவற்றுக்கு மின்துடிப்பை அனுப்பும். இவ்வாறு செய்துகொண்ட 43 பேரின் விவரம் 2011-இல் வெளிவந்தது. சராசரியாக இரைச்சல் பாதியளவு குறைந்தது என்பது பெரிய செய்திதான். ஆனால் அந்த 43 பேருமே காந்தச் சோதனையில் தேறியவர்கள். தேறியும் மூவரில் ஒருவருக்குப் பதித்த மின்முனை பயன் தரவில்லை. பயன் கிடைக்குமா என்பதை முன்கூட்டிச் சொல்ல வேண்டிய சோதனையே அதைச் சரியாகச் சொல்லவில்லை. நிலத்தை விற்றுப் போகிறவருக்கு இதைவிட முக்கியமான தகவல் இல்லை. அமெரிக்காவின் மில்வாக்கியில் எட்டுப் பேருக்கு இதே போன்று செய்தபோது இருவருக்கே நீடித்த தணிவு கிடைத்தது. மற்ற ஆறு பேருக்கு இரைச்சல் சிறிது நேரமே நின்றது.

சான் பிரான்சிஸ்கோவில் வேறொரு வழி தற்செயலாகத் திறந்தது. பார்கின்சன் முதலிய நோய்களுக்காக ஆழ்மூளையில் மின்முனை வைத்தவர்களில், அது மூளையின் ஆழத்திலுள்ள காடேட் என்னும் பகுதியின் ஓரிடத்தைக் கடந்து சென்றிருந்த ஐவருக்குக் காதிரைச்சல் மிகவும் தணிந்ததை ஸ்டீவன் சுங் குழுவினர் 2010-இல் தெரிவித்தனர். பின்னர் இரைச்சலுக்காகவே ஆறு பேருக்கு அதைப் பதித்தார்கள். ஆய்வை முடித்த ஐவரில் மூவருக்குக் குறிப்பிடத்தக்க பலன். எனக்கு இதில் நம்பிக்கை உண்டு, ஆனால் ஐந்து பேர் என்பது மிகச் சிறிய எண். மூளையில் இரத்தக்கசிவு, தொற்று, வலிப்பு ஆகியவை இத்தகைய அறுவையில் நேரக்கூடியவை.

கத்தியில்லாத காந்தத் தூண்டலை மட்டும் செய்துகொள்ளலாமே என்று யாரேனும் சொல்லக்கூடும். அமெரிக்காவின் போர்ட்லண்டில் நடந்து 2015-இல் வெளியான ஆய்வில் உண்மைத் தூண்டல் பெற்றவர்களில் 56 சதவீதத்தினருக்கும் ஒப்பீட்டுக்காகத் தூண்டுவதுபோல் பாவனை மட்டும் செய்யும் போலித் தூண்டல் பெற்றவர்களில் 22 சதவீதத்தினருக்கும் குணம் தெரிந்தது. ஜெர்மனியில் பல மையங்களில் நடந்து 2017-இல் வெளியான பெரிய ஆய்விலோ இரண்டுக்கும் வேறுபாடே இல்லை. இத்தனை அமர்வில் நிச்சயம் குணம் என்று கட்டணம் சொல்கிறவரிடம் இந்த இரண்டு ஆய்வுகளையும் பற்றிக் கேளுங்கள்.

மருத்துவர்கள் சொன்ன ‘பழகிக்கொள்ளுங்கள்’ என்ற சொல் என்னைக் கோபப்படுத்துகிறது. பழகுவதற்கு வழிமுறை இருக்கிறது, அதைக் கற்றுத்தருவதும் சிகிச்சைதான். இரைச்சல் தரும் அச்சத்தையும் உறக்கமின்மையையும் குறைப்பதில் எண்ணங்களையும் பழக்கங்களையும் பயிற்சியால் மாற்றும் அறிவுசார் நடத்தைச் சிகிச்சைக்கு இருக்கும் சான்று மின்முனைக்கு இன்னும் இல்லை. பேச்சு கேட்கிறது என்பதால் காதில் குறையில்லை என்று ஆகிவிடாது. ஆலைச்சத்தம் முதலில் 4000 ஹெர்ட்ஸ் அளவிலான உயர் ஒலிகளைத்தான் அழிக்கும், நேரெதிரே இருந்து பேசும்போது அந்த இழப்பு வெளியே தெரியாது. அண்ணனுக்கு முழுமையான ஆடியோகிராம், அதாவது கேட்கும் திறனை அளக்கும் சோதனை, எடுங்கள். இழப்பு இருந்தால், காது மெஷின் வெளி ஒலிகளை மீட்டுத் தரும்போது பலருக்கு இரைச்சல் பின்னுக்குப் போகிறது.

எனக்கும் ஒன்பது ஆண்டுகளாக இடது காதில் இந்த ஒலி இருக்கிறது. ஓசையே இல்லாத அறையில்தான் அது மிகவும் கூடும். இன்றிரவு அண்ணன் படுக்கும் அறையில் மின்விசிறியை ஓடவிடுங்கள். வானொலியும் மெல்ல ஒலிக்கட்டும்.