ட்ரெயில் முடிந்து வந்த வண்டி: கழற்றிப் பார்த்த பிறகு கேட்ட கேள்விகள்

மழை பிடித்ததும் கர்நாடகத்தின் சக்லேஷ்பூர், கேரளத்தின் வாகமண் பக்கம் ட்ரெயில், அதாவது சேறும் பாறையுமான மலைப் பாதை ஓட்ட, ஃபோர் பை ஃபோர் (நான்கு சக்கரமும் இழுக்கும்) வண்டிகளோடு போனவர்கள் ஊர் திரும்பியதும் அனுப்பிய கேள்விகள் இவை. ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்ததால் சிலவற்றைச் சேர்த்துவிட்டேன். வந்ததில் பாதிக்கு மேல் "அடுத்து என்ன மாட்டலாம்" என்ற கேள்விதான். இந்தப் பயணத்தில் உங்கள் வண்டியில் எது வளைந்தது, எது கசிந்தது, எங்கே மாட்டிக்கொண்டது என்று முதலில் பாருங்கள். அடுத்த செலவு எதற்கு என்பதை அதைவிடத் தெளிவாக எந்தக் கடைக்காரரும் சொல்ல முடியாது.

கோவையிலிருந்து: அண்ணா, சக்லேஷ்பூர் போயிட்டு வந்தோமுங்க. 2021 தார் டீசல். வெளிய பெருசா அடி ஒண்ணும் தெரியல. வாட்டர் வாஷ் பண்ணிட்டு அப்படியே ஓட்டலாமுங்களா, இல்ல எதையாச்சும் கழட்டிப் பார்க்கணுங்களா?

கழுவுவதற்கு முன்னால் ஒருமுறை கீழே குனிந்து பாருங்கள் தம்பி. காய்ந்த சேற்றின் நடுவே எங்காவது ஈரமாக, கருப்பாக, தூசி ஒட்டிய திட்டு தெரிந்தால் அது ஆயில் கசிவு. டிஃபரன்ஷியல் (ஆக்சில் நடுவில், இரு சக்கரங்களுக்கும் விசையைப் பிரிக்கும் கியர் உருண்டை) மூக்கு, கியர்பாக்ஸுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கும் (விசையை முன், பின் ஆக்சிலுக்குப் பிரிப்பது) இடைப்பட்ட இடம், சக்கரத்தின் உள்பக்கம், ஷாக் அப்சார்பர் உடம்பு, இந்த நான்கையும் டார்ச் அடித்துப் பார்த்து போட்டோ எடுத்து வையுங்கள். கழுவிவிட்டால் அந்தத் தடயம் போய்விடும். பிறகு கசிவு எங்கே என்று தேடி ஒரு வாரம் அலைய வேண்டும்.

அடுத்து வாஷ். ரிம்மின் உள்பக்கம் ஒட்டியிருக்கும் சேறு முழுக்கப் போக வேண்டும். ஒரு கைப்பிடி மண் இருந்தாலும் 80 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டீயரிங் ஆடும், நீங்கள் பேலன்சிங் போச்சு என்று நினைப்பீர்கள். ஸ்கிட் பிளேட்டின் மேல்பக்கம், சேசிஸ் ஓட்டைகள், பின் டிரம் ஆகியவற்றில் தேங்கிய மண்ணையும் விடாதீர்கள். பிரஷர் கன்னை ஆயில் சீல், ஒயரிங் கனெக்டர், ரேடியேட்டர் ஃபின் மேல் நேராகப் பிடிக்க விடக் கூடாது. ரேடியேட்டருக்குச் சாதாரண ஹோஸ் போதும். முன்னாலிருந்து அடித்தால் சேறு இன்னும் உள்ளே போய் அடைக்கும், என்ஜின் பக்கமிருந்து முன்பக்கமாகத் தண்ணீர் விடுங்கள். ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் நிற்கும் சேறுதான், அடுத்த கோடையில் மலை ஏறும்போது டெம்பரேச்சர் முள்ளை மேலே தூக்கும்.

பிறகு லிஃப்ட்டில் ஏற்றுங்கள். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் பேரிங்கிலோ பால் ஜாயிண்டிலோ உள்ள ஆட்டம் தெரியும். இடமும் வலமுமாக ஆட்டினால் டை ராட் எண்டு தெரியும். முன் ஆக்சில் ஷாஃப்ட்டின் ரப்பர் பூட் கிழிந்திருக்கிறதா என்று விரலால் மடிப்பு மடிப்பாக விரித்துப் பாருங்கள். இப்போது கவனித்தால் ஒரு பூட்டும் கிரீஸும்தான் செலவு, விட்டுவிட்டால் ஜாயிண்டே போகும். பிரேக் ஹோஸ், ஏபிஎஸ் சென்சார் ஒயர், இரண்டு புரொப்பல்லர் ஷாஃப்ட்டிலும் உள்ள கிராஸ் ஜாயிண்டு, சஸ்பென்ஷன் போல்ட்டுகளின் இறுக்கம் எல்லாம் பார்த்துவிட்டால் நிம்மதியாக ஓட்டலாம்.

சேலத்திலிருந்து: பழைய தார் சிஆர்டிஇ வச்சிருக்கேன். ஆத்துல முக்கால் டயர் தண்ணியில இறங்கி ஏறினோம். இப்ப பின் கிரவுன் ஆயில் இறக்கிப் பார்த்தா பால் காபி மாதிரி இருக்கு. சீல் போச்சா அண்ணே?

சீல் போயிருக்கலாம், ஆனால் நல்ல சீலிலும் இது நடக்கும். மலை ஏறி வந்த கிரவுன் (டிஃபரன்ஷியல்) ஹவுசிங் கொதிக்கக் கொதிக்க இருக்கும். குளிர்ந்த தண்ணீரில் இறங்கியதும் உள்ளே இருக்கும் காற்று சட்டென்று சுருங்கும். சுருங்கும் காற்று வெளியிலிருந்து எதையாவது இழுத்தாக வேண்டும். ஹவுசிங் மேல் இருக்கும் பிரீதர் (காற்று போய்வரும் சிறு துளை) சேற்றில் அடைத்திருந்தால் சீல் உதடு வழியாகத் தண்ணீரை இழுக்கும். பிரீதர் திறந்திருந்து தண்ணீருக்குள் மூழ்கியிருந்தால் அதன் வழியாகவே இழுக்கும்.

இப்போதுள்ள ஆயிலை முழுக்க இறக்கி, மலிவான ஆயில் ஊற்றி, பின் சக்கரங்களைத் தூக்கி வைத்து மெதுவாகச் சுற்றவிட்டு மறுபடி இறக்குங்கள். பால் நிறம் தெரியாத வரை இதைச் செய்துவிட்டு, மேனுவலில் சொன்ன கிரேடை ஊற்றுங்கள். கிரவுனுக்கு ஊற்றும் ஜிஎல்-5 ஆயிலையே கியர்பாக்ஸுக்கும் ஊற்றிவிடும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அதன் சேர்மானம் கியர் சுலபமாக விழ உதவும் பித்தளை சின்க்ரோ ரிங்கைத் தின்னக்கூடியது, அதனால் கியர்பாக்ஸுக்கு என்ன கிரேடு போட்டிருக்கிறதோ அதை மட்டுமே ஊற்றச் சொல்லுங்கள். கிரவுனில் தண்ணீர் போயிருந்தால் கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ், முன் கிரவுன், சக்கர பேரிங் கிரீஸ் எல்லாவற்றையும் அன்றே பார்த்துவிடுங்கள். தண்ணீரோடு நின்ற பேரிங் துருப் பிடித்து, இரண்டு மூன்று மாதம் கழித்து ஊளையிட ஆரம்பிக்கும்.

உங்களுக்கான அப்கிரேடும் இதிலேயே இருக்கிறது. எல்லா பிரீதரிலும் ரப்பர் ஹோஸ் மாட்டி, என்ஜின் அறையில் ஃபயர்வால் (என்ஜினுக்கும் ஓட்டுநர் அறைக்கும் நடுவிலுள்ள தடுப்பு) உயரத்துக்குக் கொண்டுபோய்க் கட்டுங்கள். செலவு மிகவும் குறைவு. என்ஜினுக்குக் காற்றை உயரத்திலிருந்து எடுக்கும் ஸ்நார்க்கல் குழாயை மாட்டிவிட்டு பிரீதரைக் கீழேயே விட்டிருக்கும் வண்டிகளைப் பார்த்தால் எனக்கு மனசு வலிக்கும்.

திருநெல்வேலியிலிருந்து: நண்பர் வண்டி தண்ணிக்குள்ளயே ஆஃப் ஆயிட்டு. வெளிய இழுத்து, செல்ஃப் அடிச்சா 'டக்'னு நின்னுருது. பேட்டரி வீக்கா?

இனி ஒருமுறைகூடச் சாவியைத் திருப்ப வேண்டாம் என்று நண்பரிடம் உடனே சொல்லுங்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருக்க வாய்ப்பு அதிகம். தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராடுதான் வளையும். ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து பாருங்கள். ஃபில்டர் நனைந்திருந்தால் பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு வண்டியை ஏற்றிக்கொண்டு போங்கள். டீசல் என்றால் குளோ பிளக்கையோ இன்ஜெக்டரையோ, பெட்ரோல் என்றால் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு, கையால் சுற்றித் தண்ணீரை வெளியேற்றுவதுதான் முதல் வேலை. என்ஜின் ஆயிலும் மாற்ற வேண்டும். இன்னொன்று: சாதாரண இன்சூரன்ஸில் இந்த வகை என்ஜின் சேதம் பெரும்பாலும் வராது, என்ஜின் புரொடெக்ட் என்ற கூடுதல் பாலிசி இருக்க வேண்டும். இருந்தாலும், தண்ணீர் போனது தெரிந்த பிறகும் செல்ஃப் அடித்தால் க்ளெய்ம் சிக்கலாகிவிடும்.

தேனியிலிருந்து: ஜிப்ஸி. பாறையில இறங்கும்போது பின்னாடி 'டமார்'னு ஒரு சத்தம். இப்ப நேர் ரோட்டுல வண்டி நண்டு மாதிரி ஒரு பக்கமா போகுது. பட்டையில ஒண்ணு விரிசல். வெல்டிங் வச்சுக்கலாமாண்ணே?

பட்டையில் (லீஃப் ஸ்பிரிங்) வெல்டிங் வைக்கவே கூடாது. அது சூடேற்றிப் பதப்படுத்திய இரும்பு. வெல்டிங் சூட்டில் அந்தப் பதம் போய், வைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே மறுபடி உடையும். அது மெயின் பட்டையாக இருந்து, கண் பக்கம் உடைந்தால் ஆக்சிலே பின்னால் நழுவிவிடும்.

வண்டி ஒரு பக்கமாகப் போவதற்குக் காரணம் அநேகமாக சென்டர் போல்ட் அறுந்ததுதான். பட்டைகளைச் சேர்த்துப் பிடித்து, ஆக்சிலை அதன் இடத்தில் உட்கார வைப்பது அந்தச் சின்ன போல்ட். பட்டையை ஆக்சிலோடு கட்டும் யூ போல்ட் தளர்ந்தால் சுமை முழுக்க அதன் மேல் விழுந்து அறுந்துவிடும். இரண்டு பக்கமும் முன் சக்கர நடுவிலிருந்து பின் சக்கர நடுவரை டேப் பிடித்து அளந்து பாருங்கள், எந்தப் பக்கம் நழுவியது என்று தெரிந்துவிடும்.

உடைந்த பட்டை, சென்டர் போல்ட், புஷ், நான்கு யூ போல்ட், எல்லாம் புதிதாகப் போடுங்கள். ஒருமுறை இறுக்கி நீண்ட யூ போல்ட்டை மறுபடி மாட்டினால் பிடிமானம் நிற்காது. மாட்டி சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் டார்க் ரெஞ்ச் வைத்து மீண்டும் இறுக்கச் சொல்லுங்கள். கூடுதல் பட்டை சேர்க்கும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். ஜிப்ஸி எடை குறைந்த வண்டி. பட்டை கட்டியானால் சக்கரம் பள்ளத்தில் இறங்காமல் அந்தரத்தில் தொங்கும்.

சென்னையிலிருந்து: அண்ணா, என்னோடது ஜிம்னி. ட்ரெயில்ல நடுவுல இருந்த மேட்டுல டிஃபரன்ஷியல் இடிச்சு நின்னுடுச்சு. 2 இன்ச் லிஃப்ட் கிட் போடலாம்னு இருக்கேன். 235 டயரும் சேர்த்துப் போடலாமா?

சகோதரி, இடித்தது டிஃபரன்ஷியல் என்று சொல்லியிருக்கிறீர்கள், பதிலும் அதிலேயே இருக்கிறது. ஜிம்னிக்கு முன்னும் பின்னும் முழு ஆக்சில், இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் ஒரே இரும்புத் தண்டு. லிஃப்ட் கிட் ஆக்சிலுக்கு மேலே உள்ள உடம்பைத்தான் தூக்கும், டிஃபரன்ஷியல் இருந்த உயரத்திலேயே இருக்கும். அதை உயர்த்துவது டயர் மட்டும்தான்.

கணக்கைப் பாருங்கள். கம்பெனி டயர் 195/80 ஆர்15, விட்டம் சுமார் 693 மில்லிமீட்டர். 215/75 போட்டால் 703, அதில் பாதிதான் உயரமாகக் கிடைக்கும், அதாவது 5 மில்லிமீட்டர். 235/75 போட்டால் 733, உயரம் 20 மில்லிமீட்டர் கூடும். அதற்கு விலை உண்டு. விட்டம் கிட்டத்தட்ட 6 சதவீதம் கூடுவதால் ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது நீங்கள் 106 வேகத்தில் போவீர்கள். கியர் அத்தனை நீளமாகும். 134 நியூட்டன் மீட்டர் டார்க் உள்ள 1.5 லிட்டர் என்ஜினுக்கு மலையில் அது நன்றாகவே தெரியும். டயரின் எடை கூடினால் பிரேக்கும் அதை உணரும்.

235 டயர் முழுத் திருப்பத்தில் உரசாமல் இருக்க லிஃப்ட் தேவைப்படலாம். போடுவதானால் ஸ்பிரிங்கோடு நிறுத்தாதீர்கள். முன் ஆக்சிலின் கேஸ்டர் கோணம் (ஸ்டீயரிங் அச்சின் பின்சாய்வு) குறைந்து ஸ்டீயரிங் நேராக நிற்காமல் அலையும், அதற்குக் கேஸ்டர் திருத்தும் புஷ் வேண்டும். ஆக்சிலைப் பக்கவாட்டில் பிடித்து நிறுத்தும் பேன்ஹார்டு ராடு ஆக்சிலை ஒரு பக்கமாகத் தள்ளும், அதற்கு அட்ஜஸ்டபிள் ராடு வேண்டும். பிரேக் ஹோஸ் நீளம் போதுமா என்று சக்கரத்தை முழுக்கத் தொங்கவிட்டுப் பார்க்க வேண்டும்.

என்னைக் கேட்டால் 215 அளவில் நல்ல ஆல் டெரைன் டயர், டிஃபரன்ஷியலுக்கு ஒரு காப்புத் தகடு, ஒரு காற்று பம்ப், இவை போதும். ட்ரெயிலில் காற்றை 18-20 பிஎஸ்ஐக்கு இறக்கி ஓட்டுங்கள், தார் ரோட்டைத் தொட்டதும் பழைய அளவுக்கு ஏற்றிவிடுங்கள். நடுமேட்டில் சக்கரத் தடத்தை விட்டு, ஒரு சக்கரத்தை மேட்டின் மேலேயே ஏற்றிப் போகப் பழகினால் உங்கள் பிரச்சினையில் பெரும்பகுதி செலவில்லாமல் தீரும்.

ஓசூரிலிருந்து: சேத்துல சிக்கின வண்டிய இழுக்கும்போது முன்னாடி இருந்த டோ ஹூக் வளைஞ்சு போச்சு சார். வெல்டிங் பண்ணி வலுவாக்கிட்டு, அப்படியே ஒரு வின்ச்சும் போட்டுரலாமா?

யாருக்கும் அடிபடாமல் வந்தீர்களே, அதுவே பெரிது. ரோட்டில் மெதுவாக இழுத்துப் போவதற்கு வைத்த ஹூக் வேறு, சேற்றின் உறிஞ்சலிலிருந்து பிடுங்கி எடுக்கும் ரிகவரி பாயிண்ட் வேறு. டிரெய்லர் பந்தில் கயிறு மாட்டி இழுத்து, பந்து தெறித்துக் கண்ணாடியைத் துளைத்து ஆள் இறந்த சம்பவங்கள் உலகில் உண்டு. வளைந்த ஹூக்கை வெல்டிங் செய்து மறுபடி நம்ப வேண்டாம். சேசிஸில் போல்ட்டால் பிடிக்கும், எடை குறித்த ரிகவரி பாயிண்டுகளை முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு போடுங்கள். ஹூக் பிடித்திருந்த இடத்தில் சேசிஸ் கிழிந்திருக்கிறதா என்று பெயிண்டைச் சுரண்டிப் பாருங்கள். சேசிஸில் வெல்டிங் தேவைப்பட்டால் முதலில் பேட்டரியைக் கழற்றச் சொல்லுங்கள், இல்லையென்றால் ஈசியூ (என்ஜினை இயக்கும் கணினி) போய்விடலாம்.

கயிற்றிலும் இரண்டு வகை. நைலானில் பின்னிய கைனடிக் கயிறு 20-30 சதவீதம் நீண்டு, அதிர்ச்சியைத் தானே வாங்கிக்கொண்டு இழுக்கும். நீளாத பெல்ட்டையும் இரும்புக் கயிற்றையும் கட்டி, வேகமெடுத்து வெட்டி இழுத்தால் உடையப் போவது வண்டி அல்லது மனிதர்.

வின்ச்சுக்கு, அதாவது கயிற்றைச் சுற்றி இழுக்கும் மோட்டார் உருளைக்கு வருவோம். வண்டியின் மொத்த எடையின் ஒன்றரை மடங்கு என்பது குறைந்தபட்சக் கணக்கு. சாமான், ஆட்களோடு 2,200 கிலோ என்றால் 3,300 கிலோ, அதாவது சுமார் 7,300 பவுண்டு. அதனால்தான் 9,500 பவுண்டு வின்ச் பலருக்கும் பொருந்துகிறது. பெட்டியில் எழுதிய இழுவை, உருளையை ஒட்டிய அடி அடுக்குக் கயிறு மட்டும் மிஞ்சியிருக்கும்போதுதான் கிடைக்கும். கயிறு அடுக்கடுக்காகச் சுற்றியிருந்தால் இழுவை குறையும். கயிற்றை மடக்கித் திருப்பும் கப்பியான ஸ்நாட்ச் பிளாக் ஒன்று இருந்தால் அதே வின்ச்சின் இழுவை ஏறக்குறைய இரட்டிப்பாகும். முழு இழுவையில் 400 ஆம்பியர் வரை கரண்ட் குடிக்கும், பழைய பேட்டரியை நம்பி இறங்காதீர்கள். மரத்தில் கட்ட அகலமான டிரீ ஸ்ட்ராப்தான் பயன்படுத்த வேண்டும். வெறும் கயிறு மரப்பட்டையை அறுத்துவிடும், பட்டை சுற்றிலும் அறுந்த மரம் பிழைக்காது.

மதுரையிலிருந்து: கொழுக்குமலைக்கு சூரியநெல்லியிலிருந்து ஏறுற ஜீப்பெல்லாம் பழசு. தினமும் அந்தப் பாறையில ஏறி இறங்குது. எங்க புது வண்டி ஒரே ட்ரிப்ல கடகடங்குதேண்ணே?

அந்த ஓட்டுநர் அண்ணன்கள் எப்படி ஓட்டுகிறார்கள் என்று பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். ஃபோர் லோவில் (நான்கு சக்கரமும் இழுக்கும் மெதுவான, வலுவான கியர்) போட்டு, முதல் இரண்டு கியரிலேயே, நடக்கும் வேகத்தில் ஊர்ந்து ஏறுவார்கள். எந்தக் கல்லில் எந்தச் சக்கரம் என்பது அவர்களுக்கு மனப்பாடம். பழைய மகேந்திரா ஜீப்புகளில் பெரும்பாலும் நான்கு பக்கமும் பட்டை, முழு ஆக்சில். ஆட்டம் வந்தால் அன்று மாலையே புஷ்ஷும் போல்ட்டும் மாற்றிவிடுவார்கள். உங்கள் வண்டியில் கடகடப்பு பெரும்பாலும் வண்டி சாயாமல் பிடிக்கும் கம்பியின் இணைப்பான ஸ்டெபிலைசர் லிங்க் அல்லது புஷ்ஷாக இருக்கும், பெரிய செலவில்லை.

நாமக்கல்லிலிருந்து: இசுசூ வி-கிராஸ். வலது முன் சக்கரம் பாறையில மோதினதுலருந்து வண்டி ஒரு பக்கம் இழுக்குது. ரெண்டு தடவை அலைன்மென்ட் பண்ணியும் சரியாகலைங்க.

அலைன்மென்ட் ரிப்போர்ட்டைக் கையில் வாங்குங்கள். வலது பக்கம் கேம்பரோ (சக்கரம் உள்ளே, வெளியே சாயும் கோணம்) கேஸ்டரோ அளவுக்குள் வராமல் நின்றால், சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்மோ நக்கிளோ வளைந்திருக்கிறது. இடதுபக்கத்தோடு அளவு வைத்துப் பார்த்து, வளைந்ததை மாற்றுங்கள். சூடேற்றி நிமிர்த்தித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். அதே டயரின் பக்கச்சுவரில் வெட்டோ வீக்கமோ இருக்கிறதா என்றும் பாருங்கள். பக்கச்சுவருக்குப் பஞ்சர் ஒட்டு செல்லாது, டயரைத்தான் மாற்ற வேண்டும்.

திருச்சியிலிருந்து: பெரிய டயர், இரும்பு பம்பர் எல்லாம் போட்டா ஆர்டிஓ பிடிப்பாங்களா?

பிடிக்கலாம். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி, கம்பெனி கொடுத்த விவரக்குறிப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. முன்னால் மாட்டும் புல் பாருக்கு எதிராக மத்தியப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரில் மாநிலங்களுக்கு உத்தரவு அனுப்பியது. நடந்து போகிறவர் மீது மோதினால் அந்த இரும்பு அவரைக் கொல்லும் என்பது முக்கியக் காரணம், அதை நான் முழுமனதாக ஏற்கிறேன். அடியில் மாட்டும் காப்புத் தகடு, பிரீதர் ஹோஸ், வண்டிக்குள் வைக்கும் ரிகவரி சாமான்கள் இவையெல்லாம் வெளித்தோற்றத்தைத் தொடாதவை. மற்றவற்றுக்கு ஆர்டிஓ அலுவலகத்திலும் இன்சூரன்ஸ் கம்பெனியிலும் எழுத்தில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

பொள்ளாச்சியிலிருந்து: ட்ரெயில் முடிஞ்ச இடத்துலயே ஓடை ஓடுதுங்க. அங்கயே வண்டிய கழுவிட்டு வந்தா நல்லதுதானுங்களே?

வேண்டாமுங்க. ஓடைக்குள் நிறுத்திக் கழுவினால் கசியும் ஆயிலும் கிரீஸும் நேராகத் தண்ணீரில் போகும். கீழே யாரோ அதைக் குடிக்கிறார்கள், மாடு குடிக்கிறது. ஒரு வாளி தண்ணீர் மொண்டு, ஓடையை விட்டுத் தள்ளிவந்து, கண்ணாடி, விளக்கு, நம்பர் பிளேட்டை மட்டும் துடைத்துக்கொள்ளுங்கள். தார் ரோட்டில் ஏறியதும் பிரேக்கை லேசாக அழுத்தியபடி கொஞ்ச தூரம் மெதுவாக ஓட்டினால் லைனர் காயும். மீதிச் சேற்றை ஊரில் வாட்டர் சர்வீஸில், நான் மேலே சொன்ன மாதிரி கீழே குனிந்து பார்த்த பிறகு கழுவச் சொல்லுங்கள்.