அந்தப் பெயரை எழுதிய கை யாருடையது?

வாசகர் கேள்வி – பதில்

நூலகத்தில் அட்டவணைப் பிரிவில் 31 வருடம் வேலை பார்த்தவன் நான். புதிதாக ஒரு புத்தகம் வந்தால், எழுதியவரின் பெயரில் எந்தப் பகுதி குடும்பப் பெயர் என்று முடிவு செய்து அட்டை எழுதுவது என் பொறுப்பு. அதனால் குடும்பப் பெயர்கள் பற்றி வந்த கடிதங்களை எல்லாம் ஆசிரியர் என்னிடமே கொடுத்துவிட்டார். சந்தோஷமாக வாங்கிக்கொண்டேன்.

கேள்வி: ஸ்மித் என்ற பெயர் எங்கே பார்த்தாலும் இருக்கிறதே, எல்லாரும் ஒரே வம்சமா? – ஒரு கல்லூரி மாணவி

வம்சம் வேறு வேறு, தொழில் ஒன்று. ஸ்மித் என்றால் கொல்லர். ஜெர்மானியரின் ஷ்மிட், பிரெஞ்சுக்காரரின் லெஃபெவ்ர், இத்தாலியரின் ஃபெராரி, ஹங்கேரியரின் கோவாச், போலந்துக்காரரின் கோவால்ஸ்கி, ரஷ்யரின் குஸ்நெத்சோவ், அரபியரின் ஹத்தாத் எல்லாமே அதே உலைக்களத்தில் பிறந்த பெயர்கள். உழவர்கள் ஊர் நிறைய இருப்பார்கள். 'உழவர் ஜான்' என்றால் எந்த ஜான் என்று யாருக்கும் விளங்காது. 'கொல்லர் ஜான்' என்றால் ஒரே ஆள்தான். ஊரே செய்த தொழிலைவிட, ஊரில் ஒருவரோ இருவரோ செய்த தொழில்தான் ஆளை அடையாளம் காட்டியது. அதனால் அது ஒட்டிக்கொண்டது.

எனக்கு இதைவிடப் பிடித்தவை வெப்ஸ்டர், பாக்ஸ்டர், ப்ரூஸ்டர். கடைசியில் வரும் அந்த 'ஸ்டர்' பழைய ஆங்கிலத்தில் பெண்பால் விகுதி. வெப்ஸ்டர் நெசவு நெய்தவள், பாக்ஸ்டர் ரொட்டி சுட்டவள், ப்ரூஸ்டர் பீர் காய்ச்சியவள். போகப் போக விகுதி ஆணுக்கும் பொதுவாகிவிட்டது. ஆனாலும் இன்று பாக்ஸ்டர் என்று கையெழுத்துப் போடும் ஒருவரின் பரம்பரைத் தொடக்கத்தில், அடுப்பு முன்னால் மாவு பிசைந்துகொண்டு ஒரு பெண் நின்றிருக்கக்கூடும். அவளுடைய சொந்தப் பெயர் போய்விட்டது, அவள் செய்த வேலை மட்டும் பெயராக மிஞ்சியிருக்கிறது.

கேள்வி: ஒரு கட்டுரையில் கொலம்பிய நாவலாசிரியரை 'மார்க்வெஸ்' என்று எழுதினேன். 'கார்சியா மார்க்வெஸ் என்று எழுது' என்று நண்பர் திருத்தினார். இரண்டும் ஒன்றுதானே? – ஒரு இளம் எழுத்தாளர்

நண்பர் சொன்னதுதான் சரி. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் நானும் அவருடைய அட்டையை 'எம்' எழுத்து இழுப்பறையில் வைத்தேன். இரண்டு நாள் கழித்து அட்டை என் மேசைக்கே திரும்பி வந்தது. மூத்த அலுவலர் ஒருவர் அதன் பின்புறம் பென்சிலால் எழுதியிருந்தார்: 'கார்சியா அப்பா. மார்க்வெஸ் அம்மா.' ஸ்பானிஷ் மொழி பேசும் நாடுகளின் பெயர் முறை மொத்தமும் அந்த நான்கு சொல்லில் அடங்கிவிட்டது. முதலில் தந்தை வழிக் குடும்பப் பெயர், அடுத்து தாய் வழிப் பெயர். அகரவரிசையில் முதலாவதைத்தான் எடுக்க வேண்டும். புது அட்டை எழுதி 'ஜி'யில் வைத்தேன். பழைய அட்டையைத் தூக்கிப் போட மனம் வரவில்லை, ஓய்வு பெறும் நாள் வரை என் மேசையில் இருந்தது.

அதே முறையில் பிறந்தவர்தான் பாப்லோ ருயிஸ் பிகாசோ. ருயிஸ் அப்பா, பிகாசோ அம்மா. இளவயது ஓவியங்களில் ருயிஸ் என்றும் கையெழுத்து இருக்கும். அப்புறம் அம்மாவின் பெயரை மட்டும் வைத்துக்கொண்டார். போர்ச்சுக்கீசியரிடம் வரிசை தலைகீழ்: அம்மா பெயர் முன்னால், அப்பா பெயர் கடைசியில்.

கேள்வி: ஐஸ்லாந்தில் குடும்பப் பெயரே கிடையாதாமே? – ஒரு வாசகர்

பெரும்பாலானவர்களுக்குக் கிடையாது. அப்பாவின் (சில சமயம் அம்மாவின்) பெயரோடு மகன் என்றால் 'சொன்', மகள் என்றால் 'டோட்டிர்' சேர்ப்பார்கள். 1980-ல் அந்நாட்டின் அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட விக்டிஸ் ஃபின்போகாடோட்டிர், ஃபின்போகியின் மகள். அவ்வளவுதான். அண்ணனுக்கும் தங்கைக்கும் கடைசிப் பெயர் வேறு வேறாக இருக்கும். தொலைபேசிப் புத்தகத்தைக்கூட முதல் பெயர் வரிசையில்தான் அச்சிட்டார்கள். எங்கள் அட்டவணை விதிகளும் அவர்களை முதல் பெயரில் வைக்கத்தான் சொல்லும்.

கேள்வி: என்னோடு வேலை பார்க்கும் பிலிப்பினோ பெண்ணின் பெயர் சுத்த ஸ்பானிஷ் பெயர். முன்னோர்கள் ஸ்பெயின்காரர்களா? – வெளிநாட்டில் பணிபுரியும் ஒரு செவிலியர்

பெயரை மட்டும் வைத்து அப்படிச் சொல்லவே முடியாது. அநேகமாக அது ஒரு பட்டியலில் இருந்து வந்த பெயர்.

1849 நவம்பர் 21-ம் தேதி, பிலிப்பைன்ஸை ஆண்ட ஸ்பானிஷ் கவர்னர் ஜெனரல் நார்சிசோ கிளாவேரியா ஒரு ஆணை போட்டார். அதற்கு முன்பு அங்கே பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. ஞானஸ்நானம் பெற்றவர்கள் புனிதர்களின் பெயரையோ 'சிலுவையின்' என்று பொருள்படும் 'டெ லா குரூஸ்' போன்ற பெயரையோ தங்கள் விருப்பப்படி வைத்துக்கொண்டார்கள். ஒரே வீட்டில் அண்ணன் தம்பிக்கு வெவ்வேறு பெயர், ஒரே ஊரில் நூறு பேருக்கு ஒரே பெயர். இதை வைத்துக்கொண்டு வரி வாங்குவது எப்படி? அதனால் சுமார் 60,000 பெயர்களை அகரவரிசையில் அச்சிட்டு ஒரு பெரிய பட்டியல் தயார் செய்தார்கள். ஸ்பானிஷ் பெயர்களோடு உள்ளூர் மொழிச் சொற்களும் அதில் உண்டு. அதன் பக்கங்கள் மாகாணங்களுக்கும் ஊர்களுக்கும் பிரித்து அனுப்பப்பட்டன. ஊர்ப் பங்குக்கு வந்த பக்கத்தில் இருந்து ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பெயர். நான்கு தலைமுறையாக ஒரே பெயரை வைத்திருந்தவர்களுக்கு மட்டும் விலக்கு.

விளைவு என்ன தெரியுமா? அல்பாய் மாகாணத்தில் ஓவாஸ் என்ற ஊர்க்காரர்களின் குடும்பப் பெயர்கள் பெரும்பாலும் 'ஆர்' எழுத்தில்தான் தொடங்கும். அந்த எழுத்துப் பக்கம்தான் அவர்கள் ஊருக்கு வந்தது. வாழ்நாள் முழுக்க அகரவரிசையோடு குடும்பம் நடத்தியவன் நான். ஒரு ஊரே அகரவரிசையின் ஒரு எழுத்துக்குள் குடியேறிவிட்டது என்று முதன்முதலில் படித்தபோது வேலையை நிறுத்திவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். பெயரின் பொருளைக் கேட்பதற்கு முன்னால், அதை யார் எழுதினார்கள், எதற்காக எழுதினார்கள் என்று கேட்க வேண்டும். அன்றைக்கு ஏற்பட்ட பழக்கம் இது, இன்னும் என்னை விடவில்லை.

கேள்வி: கொரியாவில் கிம், வியட்நாமில் நுயென். எல்லாரும் சொந்தக்காரர்களா? – ஒரு பள்ளி ஆசிரியை

தென் கொரியாவில் ஐந்தில் ஒருவர் கிம். ஆனால் எந்த ஊர்க் கிம் என்பதுதான் முக்கியம். கிம்ஹே கிம் வேறு, கியோங்ஜு கிம் வேறு. பெயரும் மூதாதையர் ஊரும் ஒன்றாக இருந்தால் திருமணம் செய்யக் கூடாது என்று அவர்கள் சட்டத்திலேயே இருந்தது. எத்தனையோ தலைமுறைக்கு முந்தைய உறவு என்றாலும் தடைதான். 1997-ல் அரசியல் சாசன நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. காதலித்தவர்கள் பட்ட பாட்டை நினைத்தால் அந்தத் தீர்ப்பு ரொம்பத் தாமதம் என்றே சொல்வேன்.

வியட்நாமில் பத்தில் ஏறக்குறைய நான்கு பேர் நுயென். அங்கே அரச வம்சம் மாறினால் பெயரும் மாறும். 1232-ல் ட்ரான் வம்சம், தான் கவிழ்த்த லீ வம்சத்தார் எல்லாரையும் நுயென் என்று பெயர் மாற்றிக்கொள்ளச் சொன்னது. பிற்காலத்தில் நுயென் பெயரிலேயே ஒரு அரச வம்சம் வந்தது. இத்தனை பேருக்கு ஒரே பெயர் என்பதால், பேச்சில் கடைசியில் உள்ள சொந்தப் பெயரைத்தான் சொல்வார்கள். வியட்நாம் தளபதி வோ நுயென் ஜியாப் 'ஜெனரல் ஜியாப்' ஆனது அப்படித்தான்; அவருடைய குடும்பப் பெயர் வோ, நுயென் அவருக்கு நடுப்பெயர்.

தாய்லாந்து இதற்கு நேர் எதிர். 1913-ல் அரசர் வஜிராவுத் குடும்பப் பெயர்ச் சட்டம் கொண்டுவந்தார். தாமே 6,000-க்கும் மேற்பட்ட குடும்பங்களுக்குப் பெயர் கொடுத்தார். ஒரு குடும்பத்தின் பெயர் இன்னொரு குடும்பத்துக்கு வரக் கூடாது என்பது அங்கே விதி. அங்கே பெயர் ஒன்றாக இருந்தால், சொந்தம் என்றே எடுத்துக்கொள்ளலாம்.

கேள்வி: அமெரிக்காவுக்குக் கப்பலில் போனவர்களின் பெயரை எல்லிஸ் தீவு அதிகாரிகள் வாய்க்கு வந்தபடி மாற்றினார்கள் என்பது உண்மையா? – ஒரு வாசகர்

எல்லாரும் சொல்லும் கதை, ஆனால் நடந்தது அப்படி இல்லை. எல்லிஸ் தீவு நிலையம் 1892 முதல் 1954 வரை இயங்கியது. அங்கே இருந்த அதிகாரிகள் புதிதாகப் பெயர் எழுதவில்லை. புறப்பட்ட துறைமுகத்திலேயே கப்பல் நிறுவனம் எழுதிக் கொடுத்த பயணிகள் பட்டியலைக் கையில் வைத்துச் சரிபார்த்தார்கள், அவ்வளவுதான். மொழிபெயர்ப்பாளர்களும் உடன் இருந்தார்கள். பெயர்கள் பெரும்பாலும் பிறகுதான் மாறின. வேலை தேடும்போதும் குடியுரிமை வாங்கும்போதும் அந்த மக்களே மாற்றிக்கொண்டார்கள். தாத்தா தன் பெயரைத் தானே விட்டார் என்பதைவிட, யாரோ ஒரு குமாஸ்தா பிடுங்கிவிட்டார் என்று சொல்வது பேரப்பிள்ளைகளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அதில் எனக்குக் கோபம் இல்லை.

கேள்வி: திருமணம் ஆனால் பெண்தான் பெயரை மாற்ற வேண்டும் என்பது உலக வழக்கமா? – ஒரு வாசகி

இல்லவே இல்லை. ஸ்பெயினிலும் சீனாவிலும் கொரியாவிலும் மனைவி பிறந்த வீட்டுப் பெயரோடுதான் இருக்கிறார். கனடாவின் கியூபெக்கில் 1981 முதல் சட்டமே அப்படித்தான். ஜப்பானில் மட்டும், கணவனும் மனைவியும் ஒரே குடும்பப் பெயரைத்தான் வைக்க வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்துகிறது. யாருடைய பெயர் என்று சொல்லவில்லை. ஆனால் விட்டுக்கொடுப்பவர்களில் ஏறக்குறைய 95 சதவீதம் பெண்கள். 2015-லும் 2021-லும் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லும் என்றது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பாதி வாழ்க்கை ஒரு பெயரிலும் மீதி இன்னொரு பெயரிலும் எழுதிய பெண்களின் புத்தகங்களை இரண்டு இழுப்பறைகளில் இருந்து தேடி ஒன்று சேர்த்தவன் நான்.

கேள்வி: எஸ்போசிதோ என்ற இத்தாலிய நண்பரிடம் பெயருக்குப் பொருள் கேட்டேன். பேச்சை மாற்றிவிட்டார். தப்பாகக் கேட்டுவிட்டேனா? – ஒரு மென்பொறியாளர்

தப்பு இல்லை. ஆனால் மறுபடி கேட்காதீர்கள். எஸ்போசிதோ என்றால் 'வெளியே விடப்பட்டது'. கைவிடப்பட்ட குழந்தைகளுக்கு வைத்த பெயர் அது.

நேப்பிள்ஸ் நகரில் அன்னுன்சியாட்டா என்ற ஆதரவில்லம். அதன் சுவரில் மரத்தால் ஆன ஒரு சுழல் பெட்டி இருந்தது. தெருப் பக்கம் நின்று குழந்தையை அதில் வைத்துச் சுழற்றினால் குழந்தை உள்ளே போய்விடும். வைத்தவர் முகத்தை உள்ளே இருப்பவர் பார்க்க முடியாது. உள்ளே ஒருவர் பதிவேட்டைத் திறந்து, வந்த நேரம், உடுத்தியிருந்த துணி, கூடவே ஏதாவது இருந்தால் அது, எல்லாம் எழுதுவார். குடும்பப் பெயர் என்ற இடத்துக்கு எழுத என்ன இருக்கிறது? எஸ்போசிதோ. அந்தச் சுழல் பெட்டியை 1875-ல் மூடினார்கள். ஃப்ளோரன்ஸில் 'இன்னசென்டி', அதாவது 'மாசற்றவர்கள்' என்ற பெயர் வந்தது, அந்த ஆதரவில்லத்தின் பெயரே அதுதான். மிலான் மருத்துவமனையின் சின்னம் புறா. அங்கே வளர்ந்த பல குழந்தைகள் 'கொலொம்போ' ஆனார்கள்.

உங்கள் நண்பருடைய பெயர் இன்று நேப்பிள்ஸில் மிகச் சாதாரணமாகப் புழங்கும் பெயர்களில் ஒன்று. அந்தப் பெயரோடு வளர்ந்து, கல்யாணம் செய்து, பிள்ளை பெற்று, அதே பெயரைப் பிள்ளைக்கும் கொடுத்த ஒருவரால்தான் அது அவர் வரை வந்து சேர்ந்திருக்கிறது.

கேள்வி: குடும்பப் பெயரைத் தாங்களே தேர்ந்தெடுத்துக்கொண்டவர்கள் உண்டா? – ஒரு வாசகர்

உண்டு, இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்.

மங்கோலியாவில் 1920-களில் கம்யூனிஸ்ட் அரசு குலப் பெயர்களைத் தடை செய்தது. 1990-களில் மறுபடி வைக்கச் சொன்னபோது பலருக்குத் தங்கள் குலமே மறந்துபோயிருந்தது. ஏராளமானோர் செங்கிஸ் கானின் போர்ஜிகின் குலப் பெயரை எடுத்துக்கொண்டார்கள். 1981-ல் விண்வெளிக்குப் போய்வந்த குர்ராக்சா மட்டும் 'சன்சார்' என்று வைத்துக்கொண்டார். விண்வெளி என்று பொருள். துருக்கியில் 1934-ல் குடும்பப் பெயர்ச் சட்டம் வந்தபோது, அந்நாட்டு அதிபர் அத்தாதுர்க் தம் வளர்ப்பு மகள் சபிஹாவுக்கு வானத்தைக் குறிக்கும் கோக்சென் என்ற பெயரைக் கொடுத்தார். அப்போது அவர் விமானியே அல்ல. அடுத்த வருடம்தான் பறக்கக் கற்கத் தொடங்கினார்.

அமெரிக்காவில் அடிமைத்தனத்தில் இருந்து வெளியே வந்தவர்களின் கதை இன்னும் ஆழமானது. ஃபிரெடரிக் பெய்லி 1838-ல் தப்பி வந்து ஜான்சன் என்று பெயர் மாற்றிக்கொண்டார். போய்ச் சேர்ந்த ஊரில் ஏற்கெனவே நிறைய ஜான்சன்கள். அடைக்கலம் கொடுத்தவரும் ஜான்சன்தான். அப்போது அவர் படித்துக்கொண்டிருந்த ஒரு கவிதையின் பாத்திரப் பெயரைச் சொன்னார்: டக்ளஸ். எதை வேண்டுமானாலும் மாற்றுங்கள், ஃபிரெடரிக் என்பதை மட்டும் தொடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார் இவர். ஃபிரெடரிக் டக்ளஸ் ஆனார்.

இன்னொரு பையன், புக்கர். பள்ளிக்கூடத்தில் முதல்நாள் வருகைப்பதிவு எடுக்கிறார்கள். எல்லாப் பிள்ளைகளும் இரண்டு பெயர் சொல்கிறார்கள், சிலர் மூன்றுகூடச் சொல்கிறார்கள். இவனுக்கு இருப்பது ஒன்றுதான். தன் முறை வருவதற்குள் யோசித்து முடிவு செய்துவிட்டான். ஆசிரியர் கேட்டதும், பிறந்ததில் இருந்தே அதுதான் பெயர் என்பது போல அமைதியாக 'புக்கர் வாஷிங்டன்' என்றான். வாஷிங்டன் அவனுடைய வளர்ப்புத் தந்தையின் முதல் பெயர். பிற்பாடுதான், தான் பிறந்த கொஞ்ச நாளிலேயே அம்மா தனக்கு 'டாலியஃபெரோ' என்று ஒரு பெயர் வைத்திருந்தது அவனுக்குத் தெரியவந்தது. அதையும் எடுத்து நடுவில் வைத்துக்கொண்டான்.

புக்கர் டி. வாஷிங்டன் என்று அட்டை எழுதும்போதெல்லாம் அந்த 'டி'யைச் சுருக்காமல் முழுசாகவே எழுதிவைப்பேன்.